பொலிரோ தலையில் ஒரு டெண்ட்: மூடிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்

போடியில் குடியிருந்துகொண்டு, வண்டிக் கூரைமேல் விரித்துப் படுக்கும் டெண்ட் வாங்கினோம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். மலை வாசல்படியில் நிற்கிறது. காலையில் போடிமெட்டு ஏறி, சூரியநெல்லியில் டீ குடித்துவிட்டு, சாயந்திரம் இறங்கி வந்து வீட்டில் ரசம் வைத்துச் சாப்பிடலாம். இதற்கு எதற்கு 92,000 ரூபாய்க்கு வண்டிமேல் ஒரு பொதி என்று என் மாமியாரே கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் ஏலக்காய்க் கடையின் வரவு செலவை எழுதுகிறவள் நான். அவர் கேட்பதற்கு முன்பே அதை எனக்கு நானே கேட்டுக்கொண்டுதான் பணம் அனுப்பினேன்.

காரணம், அறை வாடகை. பள்ளி விடுமுறையிலும் சேர்ந்தாற்போல் வரும் லீவு நாட்களிலும் மூணாறு, சின்னக்கானல் பக்கம் வாய்க்கு வந்ததுதான் வாடகை. 2030-ல் குறிஞ்சி பூக்கும்போது என்ன கேட்பார்களோ. ஆனால் எங்களுக்கு மலையில் படுக்கைதான் இல்லையே தவிர, மனிதர்கள் உண்டு. வட்டவடை, கோவிலூர், காந்தளூர் என்று எல்லைக்கு அந்தப் பக்கமும் தமிழ் பேசும் ஊர்கள் எத்தனையோ. பூண்டு போடுகிறவர்கள், ஏலத்தோட்டத்துக்காரர்கள், பழைய கங்காணி வீட்டுப் பிள்ளைகள் என்று கடையால் வந்த பழக்கம். "வீடு சின்னதுக்கா, வாசல் பெருசு" என்பார்கள். வாசலில் வண்டி நிறுத்த இடமும் பின்னால் ஒரு கக்கூஸும் கிடைக்கிறது என்றால், படுக்கையை நாமே கொண்டுபோவது கணக்குக்கு ஒத்து வருகிறது.

வகையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபைபர் அல்லது அலுமினிய ஓடு போட்டது ஒன்று. பூட்டைத் திறந்தால் கேஸ் ஸ்டிரட் (கார் டிக்கிக் கதவைத் தூக்கிப் பிடிக்குமே, அந்தக் கம்பி) தூக்கிக் கொடுக்க, தானாக எழும்பும். துணி உறை போட்டது இன்னொன்று. பாதியாக மடிந்து கிடக்கும். ஏணியைப் பிடித்து இழுத்தால் மறுபாதி விரிந்து வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஓடு போட்டது அழகு, சீக்கிரம், விலை ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் பெரும்பாலானவற்றில் அகலம் கூரை அளவுதான், இரண்டு பேர் நெருக்கிப் படுக்கலாம். நாங்கள் மூன்று பேர், அதில் ஒன்று ஏழாம் வகுப்புப் படிக்கும், தூக்கத்தில் உதைக்கும் பெண். ஆகவே துணி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியின் அடியில் மழைக்கு ஒதுங்கி அடுப்பு வைக்க இடம் கிடைத்தது எதிர்பாராத லாபம்.

எடை விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். டெண்ட், ஏணி, அதைத் தாங்கக் கூரைக்குக் குறுக்கே மாட்டும் கிராஸ்பார் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 65 கிலோ. வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடை ஒன்று, நிற்கும்போது தாங்கும் எடை வேறொன்று. நாம் மேலே ஏறிப் படுக்கும்போது வண்டி நிற்கிறது. அப்போது பல மடங்கு தாங்கும். அதனால் மூன்று பேர் படுத்தால் கூரை அமுங்கிவிடுமோ என்ற பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது ஓட்டத்துக்கு. குழியில் இறங்கி ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் அந்த 65 கிலோ அப்படியே 65 ஆக இருக்காது. வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஓடும்போது ஏற்றக்கூடிய அளவுதான். கிராஸ்பாரில் 100 என்று பொறித்திருக்கிறது என்று கடையில் காட்டுவார்கள். கூரைக்குக் கையேட்டில் அதைவிடக் குறைவாக இருக்கும். இரண்டில் குறைந்ததுதான் செல்லும். சின்ன ஜீப் வகைகளில் அந்த எண் சில சமயம் டெண்ட்டின் எடையைவிடவே குறைவு. துணிக்கூரை போட்ட தார் ஜீப்பில் இந்தப் பேச்சே கிடையாது.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வெறும் வண்டியில் வீட்டுக்காரர் ஒரு கையில் ஓட்டுவார். டெண்ட் ஏறிய பிறகு இரண்டு கை. வண்டி ஒரு கணம் தாமதித்துச் சாய்கிறது, நிமிர்கிறது. பழகிவிடும், ஆனால் பழகியும் வேகம் குறைத்துத்தான் போக வேண்டும். முதல் முறை மாட்டினால், மெட்டு ஏறியதும் நிறுத்தி எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். கண்டிப்பாக ஒன்றிரண்டு சுற்று வாங்கும்.

சரி, கடைக்கு வருகிறேன். வாங்கியது கேரளப் பக்கம் ஒரு கடையில். பெயர் வேண்டாம், காரணம் கீழே வரும். கடையில் ஒரு இளைஞர் உறையைக் கழற்றினார், வாரை அவிழ்த்தார், ஏணியை இழுத்தார், டெண்ட் நின்றுவிட்டது. "சேச்சி, ஒரு மினிட்டு மதி" என்றார். உண்மைதான், ஒரு நிமிடம்தான் ஆனது. வீட்டுக்காரர் பர்ஸைத் தடவ ஆரம்பித்துவிட்டார். நான், "சரி தம்பி, இப்ப மூடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் ஏணியைத் தூக்கி மடித்தார். மடித்த பிறகு நான்கு பக்கமும் துணி பிதுங்கிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் உள்ளே தள்ளினால் மறுபக்கம் வெளியே வந்தது. இன்னொரு பையனைக் கூப்பிட்டார். அவன் மேலே ஏறி முட்டிபோட்டு அமுக்க, இவர் சுற்றி வந்து துணியைச் செருகி வாரைக் கட்டினார். உறையின் ஜிப் மூலையில் வந்து நின்றுகொண்டது. ஃபேன் ஓடும் கடைக்குள், காய்ந்த துணியை மூட, தினமும் இதையே செய்கிற இரண்டு பேருக்கு கால் மணி நேரம்.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தச் சாமான் புரிந்தது. டெண்ட் விற்கிறவர்கள் எல்லோரும் காட்டுவது திறப்பதை. நாம் வாழ வேண்டியது மூடுவதோடு. இதே கடையில் மூன்று மாடல் இருந்தன. மூன்றையும் மூடச் சொல்லி, துணி குறைவாகப் பிதுங்கி, உறை ஒரு சாண் தாராளமாக இருந்த ஒன்றை எடுத்தோம். நான்காயிரம் கூடுதல். அந்த நான்காயிரம்தான் இந்தக் கணக்கிலேயே உருப்படியான செலவு.

கோவிலூரில் மார்கழிக் காலையில் மூடுவது எப்படி என்று சொல்கிறேன். மஞ்சு இறங்கி எதிர் வீடு தெரியாது. துணி பனியில் ஊறிக் கனத்துக் கிடக்கும். உறை பிவிசி, குளிரில் அது விறைத்துப்போய் மடங்க மறுக்கும். விரல் மரத்துப்போயிருக்க, ஜிப்பின் நுனி எங்கே என்று தேட வேண்டும். வீட்டுக்காரர் பின் டயர்மேல் ஒரு கால், ஃபுட்போர்டில் ஒரு கால். நான் இந்தப் பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூல். "அந்தப் பக்கம் இழு", "இழுத்துட்டேன்", "இன்னும் இழு". தம்பதிகள் இதை வாங்குவதற்கு முன் இருவரும் சேர்ந்து ஒரு பீரோவை மாடிக்கு ஏற்றிப் பார்ப்பது நல்லது. அதில் சண்டை வராவிட்டால் இதிலும் வராது.

ஈரமாக மூடியதை அப்படியே விட முடியாது. அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள், வீட்டில் விரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும், அது போகவே போகாது. எங்களிடம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருக்கிறதே, அதில் தொங்கவிட்டால் ஒரே இரவில் காய்ந்துவிடுமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. ஸ்டோரில் 50 டிகிரிக்கு மேல் சூடு ஓடும். துணியின் பூச்சுக்கு ஆகாது. அதைவிட முக்கியம், ஏலக்காய் பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் வாங்கிக்கொள்ளும். புது டெண்ட்டின் ரப்பர் நாற்றம் ஏறிய காயை எந்த வியாபாரியிடம் காட்டுவது? ஆகவே வாசலில் வண்டியை நிறுத்தி வெயிலில் விரிப்பதுதான். அந்த நேரத்தில் தெருப்பிள்ளைகள் ஏறி இறங்குவார்கள். கேள்வி கேட்ட அதே மாமியார் ஒருநாள் மேலே ஏறி உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்.

துணியிலும் இரண்டு. முழு பாலியஸ்டர் லேசு, சீக்கிரம் காயும், ஆனால் உள்ளே மூச்சு முட்டும். பருத்தி கலந்தது கனம், காய நேரமெடுக்கும், ஆனால் மூச்சு விடும். மலைக்கு இரண்டாவதுதான். தூங்கும் ஒரு ஆளின் மூச்சிலும் வேர்வையிலுமாக ஒரு ராத்திரிக்கு ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் போகிறது. மூன்று பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அது எங்கே போகும்? டெண்ட்டின் தளமான குளிர்ந்த அலுமினியத் தகட்டில் இறங்கி, மெத்தைக்கு அடியில் தேங்கும். மேலே எல்லாம் காய்ந்திருக்க, மெத்தையைத் தூக்கினால் அடியில் சொதசொதவென்று இருக்கும். இதற்கென்றே வலைப்பின்னல் விரிப்பு விற்கிறார்கள். நாங்கள் ஆலப்புழைக் கயிற்றுப் பாய் இரண்டு வாங்கி வெட்டிப் போட்டோம். மெத்தைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்று ஓடுகிறது, பிரச்சினை தீர்ந்தது. எவ்வளவு குளிரானாலும் ஜன்னலில் நாலு விரல் இடைவெளி விட வேண்டும். குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே எடுத்துப் போகிற வேலை மட்டும் கூடவே கூடாது. அந்த விஷப்புகைக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

இன்னொன்று. பருத்தி கலந்த துணியைப் புதிதாக வாங்கியதும், பயணத்துக்கு முன் வீட்டிலேயே விரித்து ஹோஸ் பைப்பால் நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். நூல் உப்பித் தையல் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் ஆனி மாதம் வண்டன்மேட்டுக்குப் போனால் தையலோரம் சொட்டும், டெண்ட்டைத் திட்டுவீர்கள்.

ராமக்கல்மேட்டில் மழை பரவாயில்லை, காற்றுதான். அங்கே காற்று நிற்பதே இல்லை. காற்றாலை சும்மாவா வைத்திருக்கிறார்கள். ஜன்னல் மறைப்பைத் தூக்கி நிறுத்தும் கம்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. மேல்துணி ராத்திரி முழுக்கப் படபடத்தது. வண்டியைத் திருப்பி, டெண்ட் மடிகிற பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, கம்பிகளை எல்லாம் கழற்றி, மறைப்பை இறக்கிக் கட்டிய பிறகு சத்தம் பாதியானது. டெண்ட் அசையவில்லை, அதற்கு மார்க் போடலாம். தூக்கம் வந்ததா என்றால், மகளுக்கு மட்டும்.

இனி ஏணி. இதைப் பற்றி ஆண்கள் பேசவே மாட்டார்கள். நாற்பது தாண்டிய, முட்டி வலியுள்ள பெண் ராத்திரி இரண்டு மணிக்கு ஆறடிக்கு மேலிருந்து ஏணியில் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பி ஏற வேண்டும். நைட்டி காலில் சிக்கும். சேலையை யோசிக்கவே வேண்டாம். டிராக் பேண்ட்தான். ஏணிப் படி உருண்டைக் கம்பியாக இருந்தால் உள்ளங்காலில் குத்தும், பட்டையாக இருப்பதையே வாங்குங்கள். பனியில் அலுமினியம் வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை வார்வாராக வெட்டி ஒவ்வொரு படியிலும் சுற்றினேன். பிடிப்பு நன்றாக இருக்கிறது. டார்ச் கையில் வேண்டாம், நெற்றியில் கட்டுவது வேண்டும், இறங்கும்போது இரண்டு கையும் ஏணிக்கு. வாசல் பக்கம் நான், நடுவில் மகள், அந்தக் கடைசியில் அவர். இதை முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு டீ கிடையாது.

உயரத்தில் படுப்பதால் கிடைக்கும் நிஜமான நன்மை அட்டைப்பூச்சி ஏறாதது. மழைக்காலத்தில் தரையில் டெண்ட் போட்டவர்கள் காலையில் சாக்ஸைக் கழற்றிப் பார்க்கும் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். தரை ஈரமும் சேறும்கூட நம்மைத் தொடாது. ஆனால் "மேலே இருக்கிறோம், மிருகம் ஒன்றும் செய்யாது" என்று கடையில் சொல்வதை நம்பாதீர்கள். அது ஆப்பிரிக்காவில் சிங்கத்துக்குச் சொன்னது. எங்கள் பக்கம் யானை. டெண்ட்டின் தளம் இருப்பது ஆறரை, ஏழடியில். வளர்ந்த கொம்பன் தோளிலேயே ஒன்பதடி. ஜன்னலைத் திறந்தால் முகத்துக்கு முகம்தான். சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், 2023 மே கடைசியில் கம்பம் ஊருக்குள்ளேயே நடந்து வந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனையிறங்கல் பக்கம் யார் இடம் கொடுத்தாலும் நாங்கள் தங்குவதில்லை. வேறு எங்கே தங்கினாலும் அரிசி, பழம், உப்பு எதுவும் டெண்ட்டுக்குள் போகாது. வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் இரவு தங்குவது இரண்டு மாநிலத்திலும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனது எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற மலையில்தான். கோடையில் நாங்கள் அடுப்பே பற்றவைப்பதில்லை. ஊரிலிருந்து புளிச்சாதம் கட்டிக்கொண்டு போகிறோம்.

கொழுக்குமலைக்கு இதை ஏற்றிப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மலை தமிழ்நாட்டில், பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியே, அதுவும் அங்கத்து ஜீப்பில். சொந்த வண்டி கீழேயே நிற்க வேண்டியதுதான். நின்ற வண்டியில் தூங்கிவிட்டு, விடிகாலையில் ஜீப் பிடிப்பது நல்ல ஏற்பாடு.

சில்லறைக் குறைகள். டெண்ட்டை விரித்துவிட்டால் வண்டி நகராது. பால் வாங்கக்கூட மூட வேண்டும், இல்லை நடக்க வேண்டும். தோட்டத்து ஜீப் பாதையில் நிழல்மரக் கிளைகள் உறையைக் கிழிக்கப் பார்க்கும். மதுரையில் அடித்தள பார்க்கிங் பக்கம் போகாதீர்கள். மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே குறைகிறது, எழுதி வைத்திருக்கிறேன். சோதனைச்சாவடியில் பெட்டிக்குள் என்ன என்று கேட்பார்கள். ஒரு மூலை ஜிப்பைத் திறந்து மெத்தையைக் காட்டினால் சிரித்துவிட்டு விடுவார்கள். வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் செய்யக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது, கேரளத்தில் அதைக் கறாராகவே பார்க்கிறார்கள். அதனால் வெல்டிங், துளை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கழற்றக்கூடிய கிராஸ்பார், நான்கு போல்ட், அவ்வளவுதான். வீடு வந்ததும் கழற்றிவிடுகிறோம். கடையில் மூட்டை தூக்கும் அண்ணன்மார் நாலு பேர் இருப்பதால் எங்களுக்கு அது சுலபம். மற்றவர்கள் போர்டிகோ உத்தரத்தில் ஒரு செயின் பிளாக் மாட்டிக்கொள்ளலாம்.

கடைப் பெயர் சொல்லாததற்குக் காரணம் ஜிப். முதல் மழைக்காலம் முடிவதற்குள் உறையின் ஜிப் மூலையில் பல் விட்டது. ஃபோன் செய்தால், "மழையில் உபயோகித்தீர்களா?" என்று கேட்டார்கள். டெண்ட்டை வேறு எதில் உபயோகிப்பது? மழையில் நனைந்த ஜிப்புக்கு வாரண்டி இல்லையாம், புது உறை 7,500 ரூபாயாம். போடியில் லாரித் தார்ப்பாய் தைக்கும் ஒரு பாயிடம் கொடுத்தேன். பழைய ஜிப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, தடித்த ஜிப் வைத்து, மூலையை வளைவாக மாற்றி, மேலே தண்ணீர் இறங்காமல் ஒரு மடிப்பும் வைத்துத் தைத்தார். 650 ரூபாய். இப்போது குளிரிலும் ஓடுகிறது. டெண்ட் துணிக்கும் தையலுக்கும் ஏணிக்கும் நல்ல மார்க் போடுவேன், உறைக்குப் போடமாட்டேன்.

கம்பத்தில் இருக்கும் நாத்தனார் வீட்டு அண்ணன் பொங்கல் லீவுக்கு இரவல் கேட்டிருக்கிறார். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வண்டிக்கு கிராஸ்பார் வேறு, அதை அவர்தான் வாங்க வேண்டும். ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு டீக்காசும் அவருடையது. நனைந்து வந்தால் மட்டும் இங்கே இறக்க விடமாட்டேன். அவர் வாசலிலேயே விரித்துக் காயவைத்து, மெத்தைக்கு அடியிலும் கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும்.